இரும்புத் தாயத்து

அச்சம் மனிதனோடு உடன்பிறந்தது. அதைப் போக்கிக்கொள்ள அவன் தேடிக்கொண்ட துணைகளோ பல. குழந்தையின் அரைஞாணில் ஒரு தாயத்து; ஊர் எல்லையில் ஒரு காவல் தெய்வம்; வாசலில் ஒரு நாய்; பெட்டிக்கு ஒரு பூட்டு; பொருள் படைத்தவரின் இடுப்பிலே, சட்டைக்குள் மறைந்தவாறு, ஒரு சிறு கைத்துப்பாக்கி. இவற்றுள் பூட்டை நாம் நாள்தோறும் பூட்டித் திறக்கிறோம். பழுதானால் அன்றே தெரிந்துவிடும். நாய் குரைக்கிறதா இல்லையா என்பது இரவுதோறும் விளங்கும். தாயத்தை மட்டும் எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் அதன் வலிமை போய்விடும் என்பார்கள். கைத்துப்பாக்கி இவற்றுள் எந்த இனம்? பூட்டின் இனமா, தாயத்தின் இனமா? என் மாமாவின் துப்பாக்கியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழுகிறது.

தமிழ் மன்றத்து மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். நான் இயற்பியல் மாணவன். காரியவட்டத்து ஆய்வுக்கூடத்தில் அளவுகோலும் கையுமாகத் திரிபவன். "எதையாவது எழுது, ஆனால் உனக்குத் தெரிந்ததை எழுது" என்றார் மலரின் ஆசிரியர். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மேலும், இந்தச் சிறு துப்பாக்கி நம் வரலாற்றுக்குப் புதியதும் அன்று.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டது. 1956இல்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவர் வேலை பார்த்ததும் புனலூரில், சமஸ்தான வனத்துறையில். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. சட்டைக்குள் அடங்கும் அந்தக் கருவியால் ஓர் உயிரைப் பறித்து, அதனாலேயே தம் உயிரையும் முடித்துக்கொண்டார். அவர் செய்தது தகுமா தகாதா என்பது வேறு விவாதம். எனக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் அவர் சுடும் பயிற்சி பெற்றார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கருவியைக் கையில் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. அதைச் சுட்டும் பழகினார்.

அந்தக் கருவிக்குப் பெயர் தந்த ஜான் மோசஸ் பிரௌனிங், 1855இல் அமெரிக்காவின் யூட்டாப் பகுதியில் ஒரு துப்பாக்கித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறு துப்பாக்கிகளுக்கென அவர் அமைத்த 7.65 மில்லிமீட்டர் தோட்டா, .32 என்ற பெயரில் இன்றும் வழங்குகிறது. நம் நாட்டுச் சட்டம் 9 மில்லிமீட்டர் துப்பாக்கியைப் பொதுமக்களுக்கு விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே லைசென்சு பெற்ற ஒரு வணிகர் இடுப்பில் சிறு பிஸ்டல் வைத்திருந்தால், அது பெரும்பாலும் இந்த .32 ஆகத்தான் இருக்கும். என் மாமாவின் பிஸ்டலும் அதுவே.

மாமாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் நகைக்கடை. நாகர்கோவிலில் இருக்கும் பொற்கொல்லர்களிடம் தங்கம் கொடுத்து, நகையாக வாங்கி வருவது அவர் வழக்கம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, தக்கலை வழியாக நாகர்கோவில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். பகலில் கடையை விட முடியாதென்று இரவிலேயே காரில் போய் வருவார். எல்லை தாண்ட வேண்டியிருப்பதால் இரண்டு மாநிலத்துக்கும் செல்லுபடியாகும் லைசென்சு வாங்கியிருந்தார். துப்பாக்கி வெளிநாட்டுப் பழம்பொருள், ஏழு தோட்டா கொள்ளும், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைத் தோலுறையில் இட்டு இடுப்பில் செருகிக்கொண்டால் மாமாவின் நடையே மாறிவிடும். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூவும் சூட்டுவார். ஆனால் பதினாறு ஆண்டுகளாக அதை ஒருமுறையும் சுட்டதில்லை.

ஏன் சுடவில்லை? அதற்கும் காரணம் உண்டு. ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் வாங்கலாம் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும். தோட்டாவின் விலையும் குறைவன்று. கிடைப்பதைப் பழக்கத்துக்குச் செலவிட்டால் ஆபத்துக்கு என்ன செய்வது என்று எண்ணி, பலரும் பொன்போலப் பொதிந்து வைக்கிறார்கள். லைசென்சைப் புதுப்பிக்கப் போனபோது துப்பாக்கியின் எண்ணை ஒத்துப் பார்த்தார்கள், தோட்டாக்களை எண்ணினார்கள். கணக்குச் சரியாக இருந்தது. தோட்டாவுக்கு உயிர் இருக்கிறதா என்பது எவருடைய கணக்கிலும் இல்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் வாங்கி வருவார். பதினாறு ஆண்டுகளில் அது கண்ட வெளியுலகம் அவ்வளவே.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பாறசாலையைக் கடந்த பின் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மாமாவின் காரைத் தொடர்ந்து வந்தன. வண்டியை அருகிலிருந்த காவல் நிலையத்துக்குத் திருப்பிவிடலாம் என்றார் ஓட்டுநர். மாமா மறுத்துவிட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீ நிதானமாகவே போ, வருகிறவன் வரட்டும்" என்றாராம். நல்லவேளையாக அவர்கள் ஒரு கூட்டு ரோட்டில் பிரிந்து போய்விட்டார்கள். இந்தக் கதையை மாமா பெருமையோடு பலமுறை சொன்னதுண்டு. கேட்கும்போதெல்லாம் மாமியின் முகம் வாடிவிடும்.

இங்கே துப்பாக்கியின் உள்ளமைப்பைச் சிறிது பார்த்துவிடுவது நல்லது. தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் ஈயரவை. விசையை இழுத்தால் ஓர் ஊசி கேப்பைக் குத்துகிறது. கேப்பு தீப்பொறி கக்குகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. ஏறத்தாழ நாலரை கிராம் எடையுள்ள ரவை குழல் வழியே முன்னே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே விசை வெற்றுக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளலால், துப்பாக்கியின் மேலே ஓடும் ஸ்லைடு என்னும் இரும்புப் பகுதி பின்னே போகிறது. வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. பின் சுருள்வில்லின் உந்துதலால் முன்னே வந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிச் செல்கிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிய வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தத் துப்பாக்கியை இயக்கும் எந்திரம் துப்பாக்கிக்குள் இல்லை, தோட்டாவுக்குள் இருக்கிறது. மாட்டு வண்டிக்கு மாடு எப்படியோ அப்படித்தான் தானியங்கித் துப்பாக்கிக்குத் தோட்டா. மாடு சோர்ந்தால் வண்டி நிற்கும். மாடு மிரண்டால் வண்டி கவிழும். மருந்து வலுக்குறைந்தால் ஸ்லைடு முழுத் தொலைவும் பின்னே போகாது. வெற்றுக் கூடு வெளியேற முடியாமல் வாசலில் புகைபோக்கிபோல் நின்றுவிடும். மருந்து மிகுந்தாலோ, ஸ்லைடு விரைந்து திரும்பிவிடும். அடுத்த தோட்டா மேலே ஏறி வருவதற்குள் வாசல் மூடிவிடும்.

பெரிய துப்பாக்கி இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சிறிய துப்பாக்கி பொறுக்காது. அதன் ஸ்லைடு ஓடும் தொலைவு குறைவு. ஒரு மயிரிழை பிசகினாலும் வேலை கெடும். ஸ்லைடு எடை குறைந்ததாகையால் சுருள்வில்லைக் கடினமாக அமைக்க வேண்டியிருக்கிறது. கடினமான வில்லை அசைக்க வலுவான தோட்டா வேண்டும். தோட்டாவின் மூக்கு உருண்டையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் படியில் இடறும். .32 தோட்டாவுக்குத் தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அதன் அடிவிளிம்பு சற்றே வெளியே நீண்டிருக்கும். நீளம் குறைந்த தோட்டாக்களை அடுக்கினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே சிக்கிக்கொள்ளும். பிறகு இரண்டும் அசையா. பிடித்திருக்கும் கை தளர்ந்தாலும், பின்னுதைப்பின் வலுவைக் கை வாங்கிக்கொள்வதால், ஸ்லைடு பாதியில் நிற்கும். மறைத்து வைப்பதற்காக எத்தனை சிறிதாக்குகிறோமோ, அத்தனைக்கு அத்தனை அது தோட்டாவின் குணத்துக்கு அடிமையாகிறது.

மாமாவின் நண்பர் ஒருவர், குழித்துறைப் பக்கத்தவர், இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் கடைக்கு வந்தவர் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு தோட்டா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இடவப்பாதி மழையும் துலா மழையும் பெய்யும் ஊரில், பதினாறு ஆண்டு தோலுறைக்குள் கிடந்தால் வேறு என்ன ஆகும்? "முதலாளி, இதைக் கடைசியாக எப்போது சுட்டீர்கள்?" என்றார். மாமா பதில் சொல்லவில்லை. "ஒருநாள் சுட்டுப் பார்த்துவிடுவோம். தம்பியும் வரட்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும்" என்றார் சுபேதார்.

முறைப்படி அனுமதி பெற்று ஒரு சுடுகளத்துக்குப் போனோம். மாமா சுட, சுபேதார் அருகில் நிற்க, நான் கோடிட்ட நோட்டில் எழுதினேன். முதலில் இடுப்பில் இருந்த பழைய தோட்டாக்கள் ஏழு. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதில் 'டிக்' என்ற ஒலி மட்டுமே. துப்பாக்கியை அப்படியே இலக்கின் பக்கம் பிடித்து நிற்கச் சொன்னார் சுபேதார். சில வேளை மருந்து தாமதித்து வெடிக்குமாம். அரை நிமிடம் கழிந்தது, அது வெடிக்கவில்லை. மூன்றாவது சோம்பலாக வெடித்தது. வெற்றுக் கூடு வாசலில் சிக்கி நின்றது. நான்கும் ஐந்தும் சரியாகப் போயின. ஆறாவது மீண்டும் 'டிக்'. ஏழாவது வெடித்தது. ஏழில் மூன்று பழுது.

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பழைய தோட்டாதானே? புதிது போட்டால் சரியாகிவிடும்" என்றார். புதிய தோட்டா இரண்டு வகை வாங்கி வந்திருந்தோம். இரண்டும் .32, இரண்டும் புத்தம் புதியவை. முதல் வகையில் இருபத்தொன்று சுட்டோம். எல்லாக் கேப்பும் வெடித்தன; ஆனால் மூன்று முறை தோட்டாவின் மூக்கு படியில் இடறி, ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் வகையிலும் இருபத்தொன்று, ஒன்றுகூட இடறவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முதல் வகைத் தோட்டா சற்றே குட்டை. மூக்கும் சற்றே மழுங்கல். முதல் வகையில் குறையொன்றும் இல்லை; வேறொரு துப்பாக்கியில் அது குதிரைபோல் ஓடக்கூடும். இந்தத் துப்பாக்கிக்கு அது பிடிக்கவில்லை. "துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு தம்பி. எதைத் தின்னும், எதைத் துப்பும் என்று அதற்கு ஊட்டிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார் சுபேதார்.

இரண்டாம் வகை இருபத்தொன்றும் ஓடியதே, இனி அச்சமில்லையா? இங்கேதான் என் பாடம் எனக்குக் கைகொடுத்தது. நூறு தோட்டாவில் பதின்மூன்று பழுதாகும் துப்பாக்கியாக இருந்தாலும்கூட, இருபத்தொரு தோட்டா தொடர்ந்து பழுதின்றி ஓடிவிடுவது ஏறத்தாழ இருபதில் ஒரு முறை நடக்கக்கூடியதே. இருநூறு சுட்டு ஒன்றும் பழுதாகவில்லை என்றால்தான், பழுது நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் இராது என்று அதே உறுதியோடு சொல்லலாம். நம் நாட்டுக் கணக்கில் இருநூறு தோட்டாவைப் பழக்கத்துக்கென்று செலவழிப்பவர் எத்தனை பேர்?

இன்னொரு சங்கடமும் உண்டு. தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னால், நல்ல குச்சிதானா என்று எல்லாவற்றையும் உரசிப் பார்த்து, வெறும் பெட்டியைக் கொண்டு வந்த பையனின் கதை நம் ஊரில் உண்டு. தோட்டாவும் அப்படித்தான். சோதித்த தோட்டா செலவான தோட்டா. நாம் நம்பப்போகும் தோட்டாவைச் சோதிக்கவே முடியாது. அதன் உடன்பிறந்தவற்றைச் சோதித்து, அதையும் நம்பலாம் என்று முடிவு கட்ட வேண்டும். நம் ஊர்த் தும்பாவில் 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் வானில் பாய்ந்ததே, அந்தத் தொழிலிலும் இதே சங்கடம்தான். ஒருமுறை மட்டும் வெடிக்கும் பொறியை வெடித்துப் பார்த்துவிட்டுப் பொருத்த முடியாது. ஒரே தொகுதியில் செய்தவற்றுள் சிலவற்றை எடுத்து வெடித்துப் பார்த்து, மற்றவற்றை ஏற்பதே வழி. ராக்கெட்டுக்கு உரிய இந்த நியாயம், உயிருக்குத் துணையென்று நாம் சுமக்கும் தோட்டாவுக்கும் பொருந்தும் அன்றோ?

பழுதான துப்பாக்கியால் உயிர் தப்பியவர்களும் உலகில் உண்டு. 1835ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரு ஜாக்சனை ஒருவன் இரண்டு சிறு துப்பாக்கிகளால் அடுத்தடுத்துச் சுட முயன்றான். இரண்டும் வெடிக்கவில்லை. பின்னர் சோதித்தபோது இரண்டும் ஒழுங்காக வெடித்தன! அன்றைய ஈரக்காற்றே காரணம் என்று சொல்வாருண்டு. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அர்ஜென்டினாவின் துணைக் குடியரசுத் தலைவர் கிறிஸ்டினா கிர்ச்னரின் முகத்தருகே ஒருவன் .32 பிஸ்டலை நீட்டி விசையை இழுத்தான். உள்ளே தோட்டாக்கள் இருந்தன. ஆனால் ஒன்றும் குழலில் ஏறியிருக்கவில்லை. இரண்டு உயிர்கள் தப்பியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: கொலைஞன் கையில் வெடிக்காத துப்பாக்கி, காவலன் கையில் மட்டும் வெடித்தே தீரும் என்று எவர் உறுதி கூற முடியும்? கருவிக்கு நீதி தெரியாது.

தோட்டாவை மறந்து துப்பாக்கியை மட்டும் எண்ணுவதன் துயரத்தை நம் விடுதலைப் போர் வரலாறும் காட்டுகிறது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சூர்யா சென்னின் தோழர்கள் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார்கள். துப்பாக்கிகள் கிடைத்தன. தோட்டாக்கள் இருந்த இடம் அகப்படவில்லை. அத்தனை துணிவோடு பெற்ற ஆயுதங்கள் வெறும் இரும்பாயின.

சுடுகளத்திலிருந்து திரும்பும்போது மாமா நெடுநேரம் பேசவில்லை. கரமனைப் பாலம் தாண்டியதும், "மருமகனே, அன்றைக்குப் பாறசாலையில் அவர்கள் வண்டியை மறித்திருந்தால், இரண்டாவது தோட்டாவில் 'டிக்' என்றிருக்கும், இல்லையா?" என்றார். நான் தலையசைத்தேன். "அது போகட்டும். இது இடுப்பில் இல்லாதிருந்தால் நான் ஸ்டேஷனுக்கே வண்டியைத் திருப்பியிருப்பேன்" என்றார் மெல்ல. அன்றைக்கு நான் கேட்ட வார்த்தைகளுள் மிகவும் கனமானது அதுதான். துப்பாக்கி அவரைக் காக்கவில்லை என்பது மட்டுமன்று. காக்கக்கூடிய வேறு வழியை அவர் கண்ணிலிருந்து மறைத்தும்விட்டது.

வீட்டில் செய்தி கேட்ட மாமி சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. "வருஷா வருஷம் அதற்குச் சந்தனம் வைத்தீர்கள். ஒரு தடவை சுட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லையே" என்றார். அவ்வளவுதான்.

இப்போது மாமா இரவில் தங்கம் எடுத்துப் போவதில்லை. கடையைத் தம்பியிடம் விட்டு, பகலில், கடைப் பையன்கள் இருவரோடு போகிறார். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் மாமியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். துப்பாக்கியை விட்டுவிடவில்லை. ஆனால் தோட்டாக்களைத் தோலுறையில் வைக்காமல் ஈரம் புகாத டப்பாவில் வைக்கிறார். பெட்டியின் மேல் வாங்கிய தேதியை எழுதுகிறார். ஒரே தோட்டாவை மீண்டும் மீண்டும் குழலில் ஏற்றி இறக்குவதில்லை, அப்படிச் செய்தால் ரவை கூட்டுக்குள் அமுங்கிப்போகும் என்று சுபேதார் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் பழைய தோட்டாக்களைச் சுடுகளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை, துப்பாக்கி ஏற்றுக்கொண்ட அந்த இரண்டாம் வகையாகவே, வாங்குகிறார். 2016ஆம் ஆண்டு விதிகள் புதிதாக லைசென்சு கேட்பவர்க்குப் பயிற்சி வேண்டுமென்று சொல்கின்றன. மாமா தம் வயதில் அந்தப் பயிற்சியைத் தாமே தேடிக்கொண்டார்.

நண்பர்களே, துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று நான் உங்களுக்கு உபதேசம் செய்ய வரவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாமலே வாழ்நாள் கழியட்டும். ஆனால் நம்புவதற்கும் தெரிந்துகொள்வதற்கும் இடையே உள்ள தொலைவை அந்த ஏழு பழைய தோட்டாக்களைப் போல எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை. தாயத்து கட்டியவன்கூட, கட்டியபின் இருட்டில் தனியே போகாதே என்ற தாயின் சொல்லைக் கேட்கிறான். இரும்பைக் கட்டியவன்தான் அதையும் கேட்பதில்லை. சுட்டுப் பார்க்காத துப்பாக்கி சுமை. அது தரும் துணிவு கடன். அந்தக் கடனை வசூலிக்க வருபவன் பகலில் வருவதில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டும் வருவதில்லை.